இருபதாயிரம் ரூபாய்க்கு வயர்லெஸ் கீபோர்டு வாங்கும் முன் பழையதைத் திறந்தேன்

தம்பியின் வயர்லெஸ் கேமிங் கீபோர்டு இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. மொத்தச் செலவு 1,615 ரூபாய். செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே நிலையில் கீபோர்டை வைத்துக்கொண்டு, புதிது வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும்.

"அக்கா, இது முடிஞ்சு போச்சு. புதுசு வாங்கிடலாம்" என்று சொல்லித்தான் கொண்டுவந்து கொடுத்தான். அவன் பார்த்து வைத்திருந்தவை எல்லாம் இருபதாயிரத்தை ஒட்டிய விலை. பழையதும் வாங்கிய காலத்தில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் மேல்தட்டு மாடல்தான். நான்கே வருடத்தில் அது ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் அதே விலைக்கு இன்னொன்று வாங்க எனக்கு மனசு வரவில்லை. திறந்து பார்ப்போம், அப்புறம் முடிவு பண்ணலாம் என்றேன்.

புகார்கள் மூன்று. ஏ, டி, ஸ்பேஸ் போன்ற விசைகளை ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை விழுந்தது. ஆட்டத்தின் நடுவில் சில அழுத்தங்கள் கணினிக்குப் போய்ச் சேரவே இல்லை. சார்ஜ் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. உத்தரவாதம் முடிந்துவிட்டதால் சர்வீஸ் சென்டரில் ஸ்விட்ச் மாற்றித் தருவதில்லை, தனி பேட்டரியும் விற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் வேலையாக கேபிளைச் செருகிப் பார்த்தேன். அழுத்தம் தவறுவது நின்றது, இரட்டை எழுத்து நிற்கவில்லை. அப்படியென்றால் இவை இரண்டும் வெவ்வேறு கோளாறு. காசு குறைவாகப் பிடிக்கும் வயர்லெஸ் பிரச்சினையை முதலில் எடுத்தேன்.

டாங்கிள் (கீபோர்டின் சிக்னலை வாங்கும் சின்ன யூ.எஸ்.பி ரிசீவர்), கேபினட்டின் பின்னால் நீல நிற யூ.எஸ்.பி 3.0 போர்ட்டில் இருந்தது. அதை ஒட்டிய போர்ட்டில் வெளி எஸ்.எஸ்.டி. யூ.எஸ்.பி 3.0-இல் டேட்டா ஓடும்போது எழும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழும். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. சோதிப்பது சுலபம். பெரிய ஃபைல் ஒன்றை எஸ்.எஸ்.டி-க்கு காப்பி போட்டுவிட்டு நோட்பேடில் வேகமாகத் தட்டினேன். எழுத்துகள் விடுபட்டன. காப்பி முடிந்ததும் விடுபடுவது நின்றது. 120 ரூபாய்க்கு ஒரு மீட்டர் யூ.எஸ்.பி 2.0 நீட்டிப்பு கேபிள் வாங்கி, டாங்கிளை மேசைமேல் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் அந்தப் புகார் தீர்ந்தது. காப்பி ஓடும்போதும் ஒரு எழுத்துகூட விடுபடவில்லை. புதுக் கீபோர்டு வாங்கி அதே போர்ட்டில் செருகியிருந்தால் இதே தொல்லை அதிலும் வந்திருக்கும். வயர்லெஸ் சரியில்லை என்று விலையுயர்ந்த கீபோர்டைத் திருப்பி அனுப்ப நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

வயர்லெஸ் என்றாலே தாமதம் என்ற பயமும் அவனுக்கு இருந்தது. டாங்கிள் வழியாக இந்தக் கீபோர்டு நொடிக்கு 1000 முறை கணினியோடு பேசுகிறது, அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு முறை. கேபிளிலும் அதே கணக்குதான். புளூடூத்தில்தான் நிலைமை வேறு. இந்தக் கீபோர்டில் இருப்பது போன்ற குறைந்த மின்சக்தி புளூடூத்தில் இரண்டு பரிமாற்றங்களுக்கு நடுவே குறைந்தது 7.5 மில்லி செகண்ட் இடைவெளி இருக்கும். டாங்கிள் இருக்கும்போது புளூடூத்தில் விளையாடாதே என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

அடுத்தது இரட்டை எழுத்து. விசை அழுத்தங்களுக்கு நடுவேயுள்ள நேரத்தைக் காட்டும் சோதனைப் பக்கத்தில் ஏ விசையைத் தட்டினால், தேவையில்லாத இரண்டாவது அழுத்தம் 20 முதல் 40 மில்லி செகண்ட் கழித்து வந்தது. விரலால் அவ்வளவு வேகமாக ஒரே விசையை இரண்டு முறை தட்ட முடியாது. ஸ்விட்சுக்குள் இருக்கும் உலோகத் தொடுப்பு அதிர்வதால் இது நடக்கிறது. இத்தகைய தொடுப்புள்ள கீபோர்டுகளில் இந்த அதிர்வை வடிகட்ட மென்பொருளில் சிறு காத்திருப்பு உண்டு. கீபோர்டுக்குள்ளேயே ஓடும் திறந்த மூல மென்பொருளான கியூ.எம்.கே-யில் அது வழக்கமாக 5 மில்லி செகண்ட். 40 மில்லி செகண்ட் அதிர்வை மறைக்க வேண்டுமென்றால் காத்திருப்பையும் அந்த அளவுக்கு ஏற்ற வேண்டும். கேமிங் கீபோர்டில் அதைச் செய்தால் வாங்கிய காரணமே போய்விடும். எப்படியும் இந்தக் கீபோர்டின் மென்பொருளில் அந்த அமைப்பு இல்லை.

கழற்றாமல் முடியுமா என்று காண்டாக்ட் கிளீனர் (400 ரூபாய்) வாங்கி, விசையின் மேல் மூடியான கீகேப்பை எடுத்துவிட்டு, ஸ்விட்சின் தண்டை அழுத்திப் பிடித்து ஓரத்தில் ஒரு சொட்டு அளவுக்கு அடித்தேன். பலமுறை அழுத்தி விட்டபின் இரட்டை எழுத்து நின்றது. கொஞ்ச நாளில் ஏ விசையும் டி விசையும் பழையபடி ஆயின. உள்ளே இருந்த பழைய கிரீஸை அந்தத் திரவம் கரைத்து, அந்த அழுக்கைத் தொடுப்பின் மேலேயே கொண்டுவந்து சேர்த்திருக்கும் என்று நினைக்கிறேன். எதற்கும் உபயோகமில்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்பேஸ் விசை நீண்ட நாள் தாங்கியது. நிரந்தரத் தீர்வு ஸ்விட்ச் மாற்றுவதுதான்.

திறப்பதற்கே நேரம் பிடித்தது. திருகுகள் சில ரப்பர் கால்களுக்கு அடியில், ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில், மீதி கீகேப்புகளுக்கு நடுவே பிளேட்டில். சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள். பழைய ஏ.டி.எம் கார்டைச் செருகி மெதுவாக நகர்த்தினால் விடுபடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் விளிம்பு உடையும். பேட்டரி கனெக்டரை முதலில் பிடுங்கிவிட வேண்டும். சார்ஜிங் போர்ட் இருக்கும் சின்ன போர்டுக்குப் போகும் பட்டை கேபிளின் பூட்டை நகத்தால் தூக்கினாலே போதும்.

ஸ்விட்சுகள் எல்லாம் போர்டில் சால்டர் செய்யப்பட்டவை, அதாவது உலோகப் பற்றை உருக்கி ஒட்டியவை. கையால் பிடுங்கி மாட்டும் சாக்கெட் இல்லை. இருபதாயிரம் ரூபாய்ப் பொருளில் ஒரு ஸ்விட்ச் கெட்டால் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்தான் மாற்ற முடியும் என்ற நிலை எனக்குக் கோபத்தைத் தருகிறது. வாங்குபவரில் எத்தனை பேருக்கு அது முடியும்?

இதுவும் பல நிறுவனங்கள் பின்பற்றும் செர்ரி எம்.எக்ஸ் வடிவ ஸ்விட்ச்தான் என்பது நல்லதாகப் போயிற்று. சென்னை ரிச்சி தெருவில் 10 சிவப்பு ஸ்விட்ச் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. சிவப்பு வகை தடங்கல் இல்லாமல் நேராக இறங்கும். சுமார் 45 கிராம் அழுத்தம், 2 மி.மீ. இறங்கினால் பதிவு, முழு இறக்கம் 4 மி.மீ. கிடைத்தது ஐந்து கால் வகை. இந்தப் போர்டில் மூன்று கால் வகைக்குத்தான் துளை. கூடுதலாக இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் அடியோடு வெட்டிவிட்டால் சரியாக உட்காரும்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியது போர்டில் இருக்கும் சால்டர் வகை. தொழிற்சாலையில் போட்டது ஈயமில்லாதது, அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அதை நேரடியாக சக்கரால் (உருகிய சால்டரை இழுக்கும் கைப்பம்பு) உறிஞ்சினால் பாதிதான் வரும். அதன்மேல் 60/40 ஈய சால்டரைக் கொஞ்சம் சேர்த்து உருக்கிக் கலந்துவிட்டால் உருகுநிலை இறங்கி, ஒரே இழுப்பில் வந்துவிடும். அயர்ன் 350 டிகிரியில், ஒரு காலுக்கு மூன்று நான்கு நொடிக்கு மேல் வைக்கவில்லை. மீதமிருந்ததை ஃபிளக்ஸ் தடவிய விக் (சால்டரை உறிஞ்சும் செப்புப் பின்னல்) கொண்டு எடுத்தேன். விக் 80 ரூபாய். ஒவ்வொரு ஸ்விட்சின் அடியிலும் சின்ன ஆர்.ஜி.பி விளக்கு போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. அயர்ன் அதன் பக்கம் சாய்ந்தால் விளக்கு போய்விடும்.

கழற்றிய ஏ விசையின் ஸ்விட்சை மல்டிமீட்டரில் மாட்டி, தண்டை மிக மெதுவாக இறக்கிப் பார்த்தேன். புது ஸ்விட்சில் தொட்ட கணமே ஒரு ஓமுக்கும் கீழே எண் இறங்கி அசையாமல் நின்றது. பழையதில் 4 ஓம், 300 ஓம், தொடர்பே இல்லை, மறுபடி 12 ஓம் என்று எண் தாவிக்கொண்டே இருந்தது. நான்கு கொக்கிகளையும் தூக்கி மூடியைத் திறந்தால், செப்புநிற இலை ஒன்று வளைந்து நிற்கிறது. அதன் நுனிப் புள்ளிதான் எதிர்த் தகட்டைத் தொட வேண்டும். அந்தப் புள்ளியைச் சுற்றி பழுப்பு நிறத்தில் ஒரு படலம். பிசுக்கும் தூசியும் சேர்ந்து இறுகியது. ஊசி முனையால் சுரண்டினால் உரிந்து வந்தது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில், ஜன்னலோர மேசையில் நான்கு வருடம் இருந்த பொருள். உள்ளே இப்படி ஆனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

டபிள்யூ, ஏ, எஸ், டி, ஈ, ஸ்பேஸ், இடது ஷிஃப்ட் ஆகியவற்றை மாற்றினேன். டி விசையில் மட்டும் ஒரு சிக்கல். சக்கர் பம்பை இழுத்தபோது துளையைச் சுற்றியிருந்த செப்பு வளையமும் கூடவே உரிந்து வந்துவிட்டது. புது ஸ்விட்ச் உட்கார்ந்தது, ஆனால் விசை பேசவில்லை. கீபோர்டு போர்டில் ஒவ்வொரு ஸ்விட்சின் ஒரு கால் நெடுவரிசைத் தடத்துக்கும் மறுகால் ஒரு டையோடு வழியாகக் கிடைவரிசைத் தடத்துக்கும் போகும். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, பக்கத்து விசையில் எந்தக் கால் டையோடுக்குப் போகிறது என்று பார்த்தேன். அறுந்தது டையோடு பக்கம். மெல்லிய எனாமல் கம்பியை 15 மி.மீ. வெட்டி, இரு முனையிலும் பூச்சைச் சுரண்டி, ஸ்விட்ச் காலிலிருந்து டையோடின் முனைக்கு நேராக இணைத்தேன். கம்பி அசையாதபடி மேலே ஒரு துண்டு வெப்பம் தாங்கும் கேப்டான் டேப். விசை உயிர் பெற்றது.

மூன்றாவது பேட்டரி. முழு சார்ஜில் 4.16 வோல்ட் காட்டியது, விளக்குகளை முழுதாக எரியவிட்ட சில நிமிடங்களில் 3.5-க்கு வந்துவிட்டது. வெர்னியரில் நடுப்பகுதியின் கனம் 7.1 மி.மீ. இருந்தது. அதன் மேல் அச்சிட்ட எண் 605080. இந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 6.0 மி.மீ. கனம், 50 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். ஒரு மில்லி மீட்டருக்கு மேல் உப்பியிருக்கிறது, அதை இனி சார்ஜ் போடவே கூடாது. இருபக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டியிருந்ததை நெம்பாமல், ஓரத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சொட்டு விட்டுப் பல் குத்தும் நூலால் அறுத்து எடுத்தேன். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்தாயிற்று. வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

அதே அளவு பேட்டரி 650 ரூபாய், 3000 மில்லி ஆம்பியர் மணி. அதே அளவில் 5000 என்று எழுதிய ஒன்றையும் கடையில் காட்டினார்கள். அந்தப் பருமனுக்குள் அவ்வளவு கொள்ளளவு அடங்காது. எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் அளவை வைத்துக் கணக்குப் போட்டு வாங்குங்கள். கனெக்டர் 2 மி.மீ. இடைவெளி ஜே.எஸ்.டி வகைதான், ஆனால் சிவப்பும் கருப்பும் இடம் மாறியிருந்தன. இதற்குப் பொதுவான ஒழுங்கு கிடையாது. மாட்டுவதற்கு முன் மீட்டரில் பார்த்துவிட வேண்டும். கூட்டில் இருக்கும் சின்ன நாக்கை ஊசியால் தூக்கி, முனைகளை இடம் மாற்றிச் செருகினேன்.

மாட்டியதும் கீபோர்டு எரிந்தது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை. கேபிளை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், சார்ஜிங் போர்ட்டின் கால்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. பழைய பேட்டரியில் மூன்று கம்பிகள், புதியதில் இரண்டே கம்பிகள் என்பதில்தான் விஷயம் இருந்தது. மூன்றாவது கம்பி வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டருக்கு உரியது. அது இல்லாவிட்டால் பேட்டரி ஆபத்தான வெப்பநிலையில் இருப்பதாக எடுத்துக்கொண்டு சார்ஜர் சிப் மின்சாரத்தை நிறுத்திவிடும். 10 கிலோ ஓம் சாதாரண ரெசிஸ்டரைப் போட்டு அதை ஏமாற்ற முடியும். அப்படிச் செய்தால் பேட்டரி உண்மையிலேயே சூடானாலும் சார்ஜ் நிற்காது. 15 ரூபாய்க்கு 10 கிலோ ஓம் என்.டி.சி தெர்மிஸ்டர் கிடைக்கிறது. அதை பேட்டரியின் உடலோடு ஒட்டி, மூன்றாவது முனையில் இணைத்தேன். உடனே சார்ஜ் ஏறியது.

மூடுவதற்கு முன் மின்சாரம் எவ்வளவு போகிறது என்றும் அளந்தேன். பேட்டரியின் ஒரு கம்பியில் மல்டிமீட்டரை இடையில் வைக்க வேண்டும். முதலில் 10 ஆம்பியர் துளையில் வையுங்கள், இல்லாவிட்டால் மீட்டரின் பியூஸ் போய்விடும். விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரிந்தால் சுமார் 140 மில்லி ஆம்பியர். விளக்கை அணைத்துவிட்டுத் தட்டினால் 6. 3000-ஐ வகுத்தால் முதலாவது 21 மணி நேரம், இரண்டாவது 500 மணி நேரம். விளம்பரங்களில் வரும் பெரிய எண்களை இதை வைத்துப் படிக்கலாம். ஏசுஸ் ரோக் அசோத்துக்கு 2000 மணி நேரம் என்று சொல்வது விளக்கும் திரையும் அணைந்த கணக்கு. தம்பி இப்போது விளக்கைப் பாதிக்கும் கீழே வைத்திருக்கிறான், வாரத்துக்கு ஒரு முறைகூட சார்ஜ் கேட்பதில்லை.

சரி, புதிது வாங்கலாமா? இதையெல்லாம் செய்தபின் அவன் பட்டியலை இருவரும் சேர்ந்து மறுபடி பார்த்தோம். வேகத்துக்காக இவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் முடிவு. 1000 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸுக்குப் போனால் இடைவெளி 1 மில்லி செகண்டிலிருந்து 0.125-க்கு இறங்கும். அவனுடைய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு சட்டகம் மாறவே 6.9 மில்லி செகண்ட் ஆகிறது.

காசு கொடுக்கத் தகுந்த ஒரே பெரிய முன்னேற்றம் காந்த ஸ்விட்ச். தொடுப்பு இலையே கிடையாது. தண்டிலிருக்கும் காந்தம் எவ்வளவு கீழே வந்தது என்பதை சென்சார் அளக்கிறது. நான் கழற்றிய ஸ்விட்சுகளில் பார்த்த நோய் இதற்கு வரவே வழியில்லை. விசையைச் சற்றுத் தூக்கியதுமே விடுபட்டதாகப் பதியும் வசதியும் இதனால் கிடைக்கிறது. ஓடிக்கொண்டிருப்பவன் சட்டென்று நின்று சுட வேண்டிய கவுன்டர் ஸ்ட்ரைக், வாலரண்ட் போன்ற ஆட்டங்களில் அது கைக்குத் தெரியும் வித்தியாசம். ஏ, டி போன்ற எதிரெதிர் விசைகளை ஒன்றாக அழுத்தும்போது கடைசியாக அழுத்தியதை மட்டும் மென்பொருளே எடுத்துக்கொள்ளும் வசதியை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் அதன் தயாரிப்பாளரான வால்வ் 2024 ஆகஸ்டில் அதைத் தடை செய்துவிட்டது.

ஆனால் காந்த ஸ்விட்ச் வேண்டுமென்றால் வயர் உள்ளதே போதும். இந்த வகையைப் பிரபலமாக்கிய நெதர்லாந்தின் வூட்டிங் 60எச்.இ-யே கேபிள் கீபோர்டுதான். சென்சார்கள் ஓயாமல் அளந்துகொண்டிருப்பதால் வயர்லெஸ்ஸில் சார்ஜ் வேகமாக இறங்கும். கீபோர்டை மேசையை விட்டு நகர்த்தாதவருக்கு வயர்லெஸ்ஸுக்காகக் கூடுதல் காசு வீண். ஒரே கீபோர்டை லேப்டாப், கணினி, டி.வி மூன்றுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவருக்கு அது உபயோகம். அப்படிப்பட்டவர் விலையைவிட ஸ்விட்ச் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறதா, தண்டு எம்.எக்ஸ் சிலுவை வடிவமா, திருகு வெளியே தெரிகிறதா, டைப்-சி இருக்கிறதா என்று பார்க்கட்டும். 2019-இல் மேல்தட்டு விலையில் வந்த லாஜிடெக் ஜி915-இலேயே மைக்ரோ யூ.எஸ்.பி-தான் இருந்தது, ஆகவே விலையைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. கீக்ரான் வி1 மேக்ஸ் போன்றவை கணிசமாகக் குறைந்த விலையில் 1000 ஹெர்ட்ஸ் டாங்கிள், சாக்கெட், கியூ.எம்.கே மூன்றும் தருகின்றன.

தம்பி இப்போதைக்கு எதையும் வாங்கவில்லை. இது மறுபடி படுத்தால் வயர் உள்ள காந்த ஸ்விட்ச் கீபோர்டு என்று பேசி வைத்திருக்கிறோம்.

அடுத்த முறை இப்படி ஒன்று கைக்கு வந்தால் ஸ்ப்ரேயில் நேரம் போக்காமல் நேராக ஸ்விட்சுக்குப் போவேன். சக்கர் பம்பை இழுக்கும் முன் ஸ்விட்சின் காலை இடுக்கியால் மெல்ல அசைத்துப் பார்த்து, முழுதும் உருகியது உறுதியான பிறகே இழுப்பேன். செப்பு வளையம் தப்பிக்கும். டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கிலும் புது ஸ்விட்சைச் சால்டர் செய்வதற்குப் பதில், துளைக்குள் உட்காரும் மில்-மேக்ஸ் உலோகக் குழாய்களைச் சால்டர் செய்வேன். அதன்பின் ஸ்விட்ச் கெட்டால் கையாலேயே பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம். துளையின் விட்டத்தை அளந்து பார்த்துத்தான் குழாய் வாங்க வேண்டும், எல்லாப் போர்டிலும் அது நுழையாது. மீதமிருக்கும் மூன்று ஸ்விட்சுகளையும் சின்ன உறையில் போட்டு கீபோர்டின் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.